உபதேசியார் சொன்ன எல்லை

மூணுகல் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினேழு பேர் ஓடிப்போன மாதத்துக்கு அடுத்த மாதம், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அத்தனை பேரும், வேதத்தில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும், மாரியம்மன் கோயில் பூசாரியும்கூட, மலை உச்சியிலிருந்த வேதக்கோயிலின் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் தொரை உத்தரவு போட்டார். முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்து நின்றார்கள். வராதவர்கள் மூன்றே பேர். கொழுந்து பறிக்கும் வெள்ளச்சியின் மகள் செகப்பி பிள்ளைவலியில் லயத்து அறைக்குள் கிடந்தாள். மருத்துவச்சி ராக்காயி அவள் பக்கத்தில் இருந்தாள். பெரிய கங்காணி ஆள் பிடித்து வரக் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருந்தார்.

கார்வுட் பாதிரியார் புதிதாக வந்தவர், இளவயசுக்காரர், காய்ச்சல்காரர்களின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தன் கையாலேயே கொயினா மாத்திரை கொடுப்பவர். அவருக்குத் தமிழில் வா, போ, பொறு என்ற மூன்று வார்த்தைகள்தான் தெரியும். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்லத் தமிழில் எடுத்துச் சொல்வது உபதேசியார் மாசிலாமணியின் வேலை. மாசிலாமணி திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருடைய குரல் அந்த மலைச்சரிவில் பேர்போனது. அவர் ஜெபம் சொன்னால் கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். இன்னும் இரண்டு வருஷத்தில் குருப்பட்டம் வாங்கித் தருகிறேன் என்று பாதிரியார் சொல்லியிருந்ததால், வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.

தொரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதிரியார் பேசினார். ஆதியிலே பெருவெள்ளம் வடிந்தபின் ஒரு தகப்பன் தன் பிள்ளைகளில் ஒருவனைச் சபித்தான் என்றும், அந்தப் பிள்ளையின் வம்சம்தான் தோல் கறுத்த ஜனங்கள் என்றும், அவர்கள் வேலை செய்யவும் வெள்ளைத்தோல் பெற்றவர்கள் அவர்களை மேய்க்கவும் கடவுள் வைத்தார் என்றும், இது தண்டனை மட்டும் அல்ல, ஒரு விதமான தயவும்கூட என்றும் சொன்னார். மாசிலாமணி அதை அழகான தமிழில் சொன்னார்.

கூட்டத்தில் யாரோ ஒருவன், "அப்ப நம்ம வெள்ளச்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வெள்ளச்சி தோட்டத்திலேயே கறுத்தவள். எல்லோரும் சிரித்தார்கள். தொரை பிரம்பைத் தரையில் தட்டினார். சிரிப்பு நின்றது.

பாதிரியார் தொடர்ந்தார். ஒவ்வொரு ஜனமும் எங்கே குடியிருக்க வேண்டும் என்ற எல்லையையும் கடவுளே குறித்து வைத்திருக்கிறார், அதை மீறி ஓடுகிறவன் தொரையை விட்டு ஓடவில்லை, கடவுளை விட்டு ஓடுகிறான் என்றார். சொல்லும்போது ஒரு கையை வானத்தைப் பார்த்து உயர்த்தினார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மாசிலாமணிக்கு அது போதவில்லை. எல்லை எல்லை என்றால் இந்த ஜனங்களுக்கு என்ன புரியும் என்று நினைத்தார். நினைத்தவர், கோட்டுக்கைக்குள்ளிருந்து விரலை நீட்டி, ஊரெல்லாம் கேட்கும் அந்தக் குரலில் சொன்னார்:

"கீழே ஆற்றுக் கல்பாலம், மேலே மூன்று கல், கிழக்கே பன்றி ஓடை, மேற்கே சவுக்குத் தோப்பு. இதுதான் கடவுள் உங்களுக்குக் குறித்த எல்லை. இதற்கு அப்பால் உங்களுக்கு ஒரு சாண் மண்ணும் இல்லை!"

அந்த நேரத்தில்தான் லயத்தில் செகப்பி போட்ட அலறலோடு அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடிக்கச் சுக்கும் கருப்பட்டியும் வேண்டும் என்று வெள்ளச்சி பக்கத்து அறை செம்புலியை அன்றைக்கு மத்தியானமே டவுன் கடைக்கு அனுப்பினாள். செம்புலி கல்பாலத்தில் நடந்தான். பாலத்தின் நடுக்கல்லைத் தாண்டி எடுத்து வைத்த கால் வேதக்கோயிலின் பின்பக்கப் படியில் பட்டது. மற்றக் கால் அதன் பின்னாலேயே வந்தது. இடறவில்லை, தலை சுற்றவில்லை. ஆற்றுச் சத்தம் காதைவிட்டுப் போய் காற்றுச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். அவன் மலையிறங்கி மறுபடி பாலத்துக்குப் போனான். மறுபடி படியில் ஏறி நின்றான். மூன்றாம் தடவைக்குப் பிறகு வெள்ளச்சியிடம் வந்து, "பாலம் என்னய திருப்பி அனுப்புது, அக்கா" என்றான்.

"அப்ப மூணுகல்லு வழியாப் போயேன். சுத்துதான், ஆனா பொழுது சாயறதுக்குள்ள வந்துரலாம்" என்றாள் வெள்ளச்சி.

அவன் அந்த வழியாகவும் போனான். அங்கிருந்தும் படிக்குத்தான் வந்தான்.

மறுநாள் பத்துப் பேர் போய்ப் பார்த்தார்கள், அதற்கு மறுநாள் நாற்பது பேர். ஓடி ஓடிப் பார்த்தார்கள், பின்பக்கமாக நடந்து பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள்; கயிற்றோடு சேர்ந்து படியில் வரிசையாக நின்றார்கள். ஆற்றில் நீந்தியவன் நனைந்த உடம்போடு படியில் நின்றான். சிங்கள வண்டிக்காரன் அப்புஹாமி மட்டும் எப்போதும்போல அரிசி மூட்டையோடு வந்தான், வெறும் வண்டியோடு போனான். அவனுடைய வண்டிக்குள் சாக்குக்கு அடியில் ஒளிந்துகொண்டு போனவள் படியில் உட்கார்ந்தபடி வந்து சேர்ந்தாள், தலையில் வைக்கோலோடு. கடைசியில் மருத்துவச்சி ராக்காயி தானே டவுனுக்குக் கிளம்பிப் போய்ச் சுக்கும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பிள்ளைகள் உலகத்துக்கு வரும் வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த வாசல் அடைக்கும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் இருக்கும் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை.

மாசிலாமணி ஒரு வாரம் கழித்துப் பாதிரியாரின் கடிதத்தை டவுன் தபாலாபீசில் போடப் புறப்பட்டார். அவருக்குப் பயமில்லை. உங்கள் எல்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார், நம் எல்லை என்று சொல்லவில்லை. உங்களுக்கு என்றால் லயத்து ஜனங்களுக்கு. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, பாலத்தில் நடந்தார். வேதக்கோயிலின் பின்படியில் அப்போது நாலைந்து பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் தங்கள் நடுவில் வந்து நின்றதைப் பார்த்து ஒருத்தி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

தொரை சந்தோஷப்பட்டார். சவுக்குத் தோப்பிலும் பாலத்திலும் நின்ற காவல்காரர்களை எடுத்துவிட்டுத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட அனுப்பினார். மற்றத் தோட்டத்துத் தொரைமார் குதிரையில் வந்து, பாலத்தின் அந்தக் கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு, இந்தக் கரையிலிருந்து ஒருவனை நடந்துவரச் சொல்லி, அவன் பாலத்தின் நடுவில் இல்லாமற் போவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாதிரியார் கைதட்டவில்லை. அவர் முழங்காலில் நின்று அழுதார். தன்னைப் போன்ற எளியவனுடைய பிரசங்கத்துக்குக் கடவுள் முத்திரை வைத்துவிட்டார் என்று ஊருக்கு எழுதினார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டபோது அவர் விபூதி கொடுத்து, "போன ஜென்மத்து வினை. எங்க பொறந்தமோ அங்கதான் கிடக்கணும். அந்தச் சாமி சொன்னாலும் இந்தச் சாமி சொன்னாலும் அதான்" என்றார். இரண்டு சாமிகளும் ஒரே வார்த்தையைச் சொன்னதால் ஜனங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு ஒன்று நடந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்று வெள்ளச்சி பின்னாளில் சொல்வாள். ஆற்றோரத்து மலையில் கொழுந்து பறித்தால், முதுகு நிறையக் கூடையோடு அரை மைல் செங்குத்தான ஏற்றம் ஏறித்தான் லயத்துக்கு வர வேண்டும். ஒரு சாயங்காலம் முழங்கால் வீங்கிய கிழவி ஒருத்தி ஏற்றத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள், கூடையோடு பாலத்தில் நடந்து வேதக்கோயில் படியில் இறங்கி, அங்கிருந்து நாலு எட்டில் தன் அறைக்குப் போய் அடுப்பு மூட்டினாள். மறுநாள் பத்துப் பேர் அப்படிச் செய்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் செய்தார்கள். தொரை கொழுந்து நிறுக்கும் கொட்டகையை வேதக்கோயிலுக்குப் பின்னால் மாற்றிக் கட்டினார். பிள்ளைத்தாய்ச்சிகள் பாலத்துக்குக் கும்பிடு போட்டார்கள். குடித்துவிட்டு வழி தெரியாதவன் பாலத்தைக் கண்டுபிடித்தால் போதும், வீட்டுக்கு வந்துவிடுவான். மழைக்காலத்தில், "ஆண்டவன் நமக்குன்னு ஒரு வழியைத் தந்திருக்கான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாலத்தின் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே, மூன்று மாதத்தில், பாதிப்பேர் பேசுவதை விட்டுவிட்டார்கள். படி தேய்ந்து நடுவில் குழிந்துபோனது.

வெள்ளச்சிக்கு அந்தப் பக்கத்தை மறக்க முடியவில்லை. செகப்பியின் புருஷன் ஓடிப்போன பதினேழு பேரில் ஒருவன். கீழ்நாட்டில் ரோடு போடும் வேலையில் இருப்பதாகவும், பெண்டாட்டி பிள்ளையோடு எப்படியாவது வந்துவிட வேண்டும் என்றும் அப்புஹாமியிடம் சொல்லி அனுப்பியிருந்தான். உடம்பு தேறட்டும் என்று செகப்பி இருந்தாள். இதற்குள் மருத்துவச்சி ராக்காயி ஒருநாள் சுருக்குப்பையோடு டவுனுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அன்றைக்கு வெள்ளச்சி கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். மருத்துவச்சி என்பதால் பாலம் விட்டது என்றால், சாமி வாசலில் உட்கார்ந்திருக்கும் பூசாரிக்கும் விட்டிருக்க வேண்டும். ராக்காயியிடம் மட்டும் என்ன இருந்தது? அவளிடம் எதுவும் இல்லை. மற்ற எல்லோரிடமும் இருந்து அவளிடம் இல்லாத ஒன்றுதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குள் இருந்தாள். செகப்பியின் அலறலில் உபதேசியார் சொன்னது அவள் காதில் விழவில்லை.

வெள்ளச்சி நேரே மாசிலாமணியின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த ஜெபப்புத்தகத்துக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். அந்த வெள்ளக்காரரு பாலத்தைச் சொன்னாரா?"

"அவர் கடவுளுடைய எல்லையைச் சொன்னார், வெள்ளச்சி."

"அது எனக்கும் தெரியும். பாலத்தைச் சொன்னாரான்னு கேக்குறேன். அவரு பேசையில கை வானத்தைக் காட்டுச்சு. நீங்க பேசையிலதான் கை பாலத்தைக் காட்டுச்சு. நான் முன்வரிசையில நின்னேன், பாத்தேன். அதைக் கேக்காத ராக்காயியை மட்டுந்தான் பாலம் விட்டுச்சு."

மாசிலாமணி பசைக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு விளங்கணும்னுதான்..." என்றார்.

"விளங்கிருச்சு" என்றாள் வெள்ளச்சி. "ரொம்ப நல்லா விளங்கிருச்சுங்கய்யா."

மறுநாள் மாசிலாமணி பாலத்தின் இந்தக் கரையில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, வேலை முடிந்து வந்த ஜனங்களை நிறுத்தி, தான் சொன்னது தப்பு என்றும், கடவுள் இந்தப் பாலத்தை அறியவே மாட்டார் என்றும், கறுப்புத்தோலுக்குச் சாபம் என்பதும் பொய் என்றும், நாக்கு உலர்ந்துபோகும்வரை சொன்னார். ஜனங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு பாலத்தில் நடந்தார்கள். எல்லோரும் வேதக்கோயில் படிக்கே போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாக நின்ற செம்புலி, "அன்னைக்கு உங்க பின்னால தொரை உக்காந்திருந்தாரு, அய்யா. இன்னிக்கு யாரும் இல்லியே" என்றான். அவன் குத்தலாகச் சொல்லவில்லை. மனசில் பட்டதைச் சொன்னான்.

மாசிலாமணி அதைத்தான் பிடித்துக்கொண்டார். பாதிரியார் சொன்னால் திறக்கும் என்று நினைத்தார். நல்லவர், நோயாளியின் நெற்றியைத் தொடுகிறவர், விஷயம் தெரிந்தால் தாங்க மாட்டார். நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னார்: தான் கூட்டிச் சொன்னதை, அந்த வார்த்தை காதில் விழுந்தவர்களைத்தான் பாலம் பிடிக்கிறது என்பதை, ராக்காயி போனதை. சொல்லி முடித்துவிட்டு, நாளைக்கே ஜனங்களைக் கூட்டி அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டார்.

பாதிரியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பிறகு மாசிலாமணியின் தோளில் கை வைத்தார்.

"நீ கூட்டிச் சொன்னதாக நினைக்கிறாய்" என்றார். "உன் வாயில் அந்த வார்த்தையை வைத்தது யார்? கடவுள் அடைத்ததை நானும் நீயும் திறப்பதா, மாசிலாமணி?" அவருடைய கண் கலங்கியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்குப் பங்களாவில் சாப்பிடும்போது பாதிரியார் இந்த அற்புதத்தின் விவரத்தையெல்லாம் தொரையிடம் சொன்னார்.

காதில் விழுந்தவர்களைத்தான் பிடிக்கும் என்று தெரிந்ததும் தொரை சாப்பிடுவதை நிறுத்தினார். அந்த வாரம்தான் பெரிய கங்காணி இந்தியாவிலிருந்து நாற்பது புது ஆட்களோடு வந்து இறங்கியிருந்தார். நாற்பது பேரும் எதையும் கேட்காதவர்கள். வியாழக்கிழமையே அவர்களைப் பள்ளிக்கூட அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள். பிறகு லயம் லயமாகத் தேடி, அப்புஹாமியின் அடுத்த வண்டியோடு அனுப்பிவிட வெள்ளச்சி நாள் பார்த்துக்கொண்டிருந்த செகப்பியையும் அவளுடைய மூன்று மாதப் பெண்பிள்ளையையும் அதே அறையில் கொண்டுபோய் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்று சொன்னார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளச்சி மறுபடி மாசிலாமணியின் வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை நின்றுகொண்டே பேசினாள்.

"எம்மகளுக்கும் பேத்திக்கும் நாளைக்கு நீங்கதான் சொல்லப் போறீங்களா?"

"நான் சொல்லாவிட்டால் டவுனிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வருவார்கள்."

"வெள்ளக்காரருக்குத் தமிழ் தெரியாதே. வேற ஏதாச்சும் சொல்லுங்க. பாட்டுப் பாடுங்க. மழை பேஞ்ச கதையைச் சொல்லுங்க."

"பெரிய கங்காணி பக்கத்தில் உட்காரப் போகிறார், வெள்ளச்சி. நான் சொல்வது சரியா என்று பார்க்கத்தான் உட்காருகிறார்."

"அப்ப காதுல பஞ்சு வச்சிரச் சொல்றேன்."

"அதையும் பார்ப்பார்கள்."

பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட அறைக் கதவைத் திறந்து ஒவ்வொருவராக வெளியே விடும்போது, கங்காணியின் ஆள் ஒருவன் ஒவ்வொரு காதிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். செகப்பியின் காதிலிருந்து பஞ்சை எடுத்துப் போட்டான். பிள்ளையின் காதில் மெழுகு இருந்தது. அதைப் பக்குவமாகத்தான் எடுத்தான், அவனுக்கும் வீட்டில் பிள்ளை இருந்தது. பழைய ஜனங்களெல்லாம் சுற்றிலும் நின்றார்கள். தொரை நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் பெரிய கங்காணி, வெள்ளைத் தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாக.

பாதிரியார் அதே பிரசங்கத்தைச் செய்தார். சபிக்கப்பட்ட மகனைப் பற்றிச் சொன்னபோது மாசிலாமணி, "ஒரு தகப்பனுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்" என்று மட்டும் சொன்னார். கங்காணி தொண்டையைச் செருமினார். பாதிரியார் கையை வானத்துக்கு உயர்த்தி எல்லையைச் சொன்னார். "கடவுள் எல்லை குறித்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி நின்றார். அதோடு நிறுத்தினால் அது எங்கேயும் போய் விழாது, யாரையும் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். எல்லையே இல்லை என்று சொல்லிவிடவும் வாய் வந்தது. செகப்பி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளை அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எதுவரைக்கும்னு சொல்லுங்க, உபதேசியாரே" என்றார் கங்காணி. "பாலம்னு சொல்லுங்க."

மாசிலாமணி பேசவில்லை. கங்காணி எழுந்து நின்றார். தொரையும் எழப்போனார். நேரமில்லை. இருக்கிறதிலேயே தூரமான ஒன்றைத் தேடி மாசிலாமணியின் மனசு மலையிலிருந்து இறங்கி, ரோட்டில் ஓடி, தென்னந்தோப்புகளைத் தாண்டிப் போய், அவர் படிப்பு முடிந்து வந்து கப்பலிலிருந்து இறங்கிய இடத்தில் நின்றது. ஊரெல்லாம் கேட்கும் அந்தக் குரல், மூன்று மாதமாக அவரிடம் இல்லாத குரல், திரும்பி வந்தது.

"நமக்குக் கடவுள் குறித்த எல்லை கடல்!"

உங்களுக்கு என்று சொல்லவில்லை. நமக்கு என்றார்.

"சரியாச் சொன்னானா?" என்று தொரை கேட்டார். கங்காணி உண்மையைச் சொன்னார். தொரை இறங்கி வந்து பிரம்பால் மாசிலாமணியின் முகத்தில் அடித்து, திரும்பச் சொல், பாலம் என்று சொல் என்றார். மாசிலாமணி வாயை மூடிக்கொண்டார். இன்னொரு அடி விழுந்தது, உதடு கிழிந்தது, அவர் திறக்கவில்லை. பாதிரியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், எந்தப் பாட்டு என்று தெரியாதவரைப் போல. கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். நாளை முதல் கவ்வாத்துக் கத்தி எடுக்க வேண்டும் என்றார்கள், தலையசைத்தார். காவல்காரர்கள் விடிந்ததும் பாலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தொரை கத்தினார்.

பழைய ஜனங்கள் அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. கடல் என்ற வார்த்தையைக் கேட்டதுமே மலையிறங்கி ஓடினார்கள். ஓடி, பாலத்தில் முண்டியடித்து, ஒருவர்மேல் ஒருவராக வேதக்கோயில் படியில் வந்து விழுந்தார்கள். அவர்களுக்கு முதலில் விழுந்த வார்த்தைதான் வார்த்தை. புது ஆட்களில் பன்னிரண்டு பேர் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். மற்றவர்கள் தாண்டி, அந்தக் கரையில் சற்று நேரம் நின்று, போக ஊர் எதுவும் தெரியாமல், இந்தப் பக்கம் சோறு வேகும் வாசனைக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். பெரிய கங்காணி அடுத்த வருஷம் ஆள் பிடிக்கக் கப்பலேறப் போனார். பலகையில் வைத்த கால் துறைமுகத்து மணலில் பட்டது. ஏழு நாள் முயன்றுவிட்டுத் தலைப்பாகையில் மணலோடு தோட்டத்துக்குத் திரும்பினார், பிறகு அவர் சொந்த ஊரைப் பார்க்கவே இல்லை.

வெள்ளச்சி அந்தக் கூட்டத்தோடு ஓடவில்லை. மகளுக்கு ஒரு மூட்டை கட்டினாள்: அவல், ஒரு மாற்றுச் சேலை, பிள்ளைக்குத் துணி. பேத்தியை வாங்கி உச்சியை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ இல்லாம நான் எங்கம்மா போவேன்" என்றாள் செகப்பி.

"அவன்கிட்ட போ. விடிஞ்சா காவல் வந்துரும். நட."

"நீயும் பாலத்துல வா. என் கையைப் புடிச்சுக்க. ஒருவேளை..."

வெள்ளச்சி மறுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். கீழே ஆறு புதுத்தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. செகப்பியின் தோளில் பிள்ளை பின்பக்கம் பார்த்தபடி கிடந்தது. நடுக்கல் வந்தது. செகப்பி பிடியை இறுக்கினாள், எலும்பு நோகுமளவுக்கு. அடுத்த எட்டில் வெள்ளச்சி வேதக்கோயிலின் பின்படியில் நின்றாள். கை இன்னும் மூடியபடியே இருந்தது. உள்ளங்கையில் மகளின் வியர்வை இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ரோடு நன்றாகத் தெரியும். செகப்பி பாலத்தின் மறுமுனையில் திரும்பி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போ, போ என்று வெள்ளச்சி கையை வீசினாள். அவள் நடக்க ஆரம்பித்ததும் இவள் மறுபடி மலையிறங்கினாள். பாலத்தில் நடந்தாள், படியில் வந்து நின்றாள். மகள் முதல் வளைவில் இருந்தாள். மறுபடி இறங்கினாள். மகள் இரண்டாம் வளைவில் சிறுத்திருந்தாள், பிள்ளை வேறாகத் தெரியவில்லை. மறுபடி இறங்கினாள். நான்காவது தடவை வந்தபோது ரோட்டில் ஒரு புள்ளி இருந்தது, அது மகள்தானா என்று தெரியவில்லை. ஐந்தாவது தடவை ரோடு மட்டும் இருந்தது.

மாசிலாமணி அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தார், கோட்டு இல்லாமல், உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு. வெள்ளச்சி அவருக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தாள். வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

"எல்லையே இல்லன்னு சொல்லியிருக்கலாமேய்யா" என்றாள். "எம்பேத்திக்கு நீங்க எதுக்கு எல்லை போட்டீங்க?"

"வாய் வந்தது" என்றார் அவர். "அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பயந்துவிட்டேன்."

அவள் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, "கடலு எத்தனை தூரம்?" என்று கேட்டாள்.

"நடந்தால் எட்டு நாள்."

"கைப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்தா?"

அவர் தயங்கினார். தன் வாயிலிருந்து வரும் எதுவும் இனி எங்கே போய் விழுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. மிக மெதுவாகச் சொன்னார். "பதினைந்து நாள் ஆகும்."

வெள்ளச்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கொழுந்துக் கறை படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். பத்து முடிந்து மறுபடி ஐந்து வந்ததும் நிறுத்தினாள்.

"பதினஞ்சு நாளு" என்றாள். "எம்மக அத்தனை நாளு சேந்தாப்புல நேரா நடந்ததே இல்லய்யா."